கருமடையின் சாட்சிமீன்கள்

கருமடையில் குழாயைத் திறக்குமுன் மீனைப் பார்ப்பார்கள்.

சந்தைப்பேட்டை முனையில் ஆளுயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கு வரும் குடிநீரின் ஒரு கிளை அத்தொட்டியினூடே ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் நீளமுள்ள ஆண் மீன்கள் அதனுள் கூட்டமாகத் திரியும். அவற்றின் உடல் கண்ணாடி போன்றது. முள்ளும் குடலும் தெரியும். அடிவயிற்றில் வெண்ணூல் போல் படிந்திருக்கும் விந்துப்பையும் தெரியும். பால் வாங்கச் செல்பவரும், சாயப்பட்டறைக்கு விரைபவரும் ஒரு கணம் நின்று, அந்நூல்கள் வெண்மையாகவே உள்ளனவா என்று நோக்கிவிட்டே அப்பால் செல்வர்.

அம்மீனுக்குச் சாட்சிமீன் என்று பெயர். நீரில் கலந்த வேதிப்பொருள் ஏதேனும் பெண்மைச் சுரப்பைப் போல் நடித்து உடலை ஏமாற்றுமாயின், ஆண் மீனின் விந்துப்பையில் முட்டைகள் தோன்றத் தொடங்கும். அவ்வாறு தொடங்கிய சில மணி நேரத்திற்குள் அந்த இடம் பச்சையாக ஒளிரும்படி அதன் மரபணுவில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. மூன்று மீன்கள் ஒளிர்ந்தால் போதும். நகரின் தலைமை வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். கருவிகள் தமக்குத் தெரிந்த நஞ்சை மட்டுமே தேடுவன. மீனோ, எவரும் இன்னும் பெயரிடாத நஞ்சையும் தன் உடலால் அறிய வல்லது. ஆதலால் சட்டம், மனிதரின் சொல்லையும் கருவியின் அளவையும் விட அம்மீனின் சாட்சியத்தையே மேலானதாக ஏற்றுக்கொண்டிருந்தது. கருமடையின் வால்வு ஒருமுறையேனும் மூடியதில்லை. அவ்வூரார்க்கு அஃது ஒரு பெருமை.

அந்தப் பெருமையால் பிழைப்பை இழக்கும் நிலைக்கு வந்தவர்கள் நீர்த்தேக்கத்துப் பரிசல்காரர்கள். மூன்றாண்டுகளாக அங்கே கெண்டை குஞ்சு பொரிக்கவில்லை. நீர் தூயது என்று சாட்சிமீன் கூறுவதால் குறை நீரில் இருத்தல் இயலாது. ஆகவே பரிசல்காரர்களே சிறுகண் வலையால் குஞ்சுகளை வாரி அழித்தனர் என்பது நகராட்சியின் குற்றச்சாட்டு. மறுநாள் நீர் மன்றம் விசாரிக்க இருந்தது. குற்றம் உறுதியாயின் நாற்பது குடும்பங்களின் மீன்பிடி உரிமை என்றைக்குமாக நீங்கிவிடும். சாட்சிமீன் நம்பத்தக்கது என்று சான்று கூறுவதற்காக, அதனை உருவாக்கிய முனைவர் தெய்வானையே தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்.

அவர் தொட்டியின் முன் குனிந்து ஒவ்வொரு மீனாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்கதானுங்களா இந்த மீனைப் பெத்த டாக்டரம்மா?"

தெய்வானை திரும்பினார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி ஈரம் சொட்டும் கூடையோடு நின்றிருந்தாள். பரிசல்காரர் சங்கத்தின் தலைவி மாராத்தாள் அவள்.

"பெத்தேன்னு சொல்ல முடியாது. வளர்த்தேன்னு வேணா வெச்சுக்கலாம்."

"அப்பச் செரி. வளத்தவங்கதான் புள்ளைக்கு நொம்பப் பரிஞ்சு பேசுவாங்க." மாராத்தாள் கூடையைத் தரையில் வைத்து, ஒரு கெண்டையை எடுத்து, இடுப்பிலிருந்த சிறுகத்தியால் அதன் வயிற்றைத் திறந்தாள். "இதையுங் கொஞ்சம் பாருங்க. இது நாங்க வளத்த புள்ளை."

தெய்வானை முகஞ்சுளிக்கவில்லை. பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு தொட்டியின் படியிலேயே அமர்ந்தார். விந்துப்பை இருக்க வேண்டிய இடத்தில் விந்துப்பை இருந்தது. ஆனால் அதன் நடுவே, வெண்ணெயில் கேழ்வரகு தூவியது போல், முட்டைகள் சிதறிக் கிடந்தன.

"இது ஆண் மீன்தான்," என்றார் மெல்ல. "எத்தனை மீன்ல இப்படி இருக்கு?"

"இந்த வருசம் சிக்குன ஆணுல பாதிக்கு மேலைங்க. சந்தையில சனத்துக்கு ஒரே சந்தோசம். எதை அறுத்தாலும் சினை இருக்குதுன்னு அடிச்சுப் புடிச்சு வாங்குறாங்க. எங்களுக்குத்தானுங்க பயமா இருக்குது. ஆணுக்கும் சினை புடிச்சா, அப்புறம் அடுத்த வருசத்துக்குக் குஞ்சு எங்கிருந்து வரும்?"

"அப்படின்னா இந்தத் தொட்டி மீனெல்லாம் பச்சையா மாறியிருக்கணும். ஒண்ணுகூட மாறலை. என் மீன் பொய் சொல்லாதும்மா."

"என்ற மீனு மட்டுஞ் சொல்லுமாங்க? ரெண்டும் ஒரே தண்ணியத்தானே குடிக்குது!"

தெய்வானை தளரவில்லை. இரண்டு மெய்கள் ஒன்றோடொன்று மோதினால் மூன்றாவது மெய்யொன்று அருகிலேயே இருக்கும் என்பது அவர் வாழ்நாள் அனுபவம். அக்கெண்டையைப் பனிக்கட்டியில் பொதிந்து எடுத்துக்கொண்டு, நேரே மீன்பண்ணைக்குச் சென்றார்.

கருமடைச் சாட்சிமீன்கள் அனைத்தும் அணைக்குக் கீழிருந்த அந்தப் பண்ணையில் பிறந்தவை. அதன் மேலாளர் சென்னியப்பன் மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். குளங்கள் ஒழுங்காகவும் தூய்மையாகவும் இருந்தன. எந்தக் குளத்தில் கைவிட்டாலும் கொழுத்த தாய்மீன்கள் விரலிடுக்கில் வழுக்கி ஓடின.

"பாருங்க மேடம். ஒரு காலத்துல இந்தப் பண்ணையை இழுத்து மூடிப்போடலாம்னு இருந்தமுங்க. முட்டையில பாதி பொரிக்காது. பொரிச்சதும் நோஞ்சானா இருக்கும். இன்னைக்கு மாநிலத்துலயே பொரிப்பு விகிதத்துல நாமதானுங்க மொதல்."

"எப்படிச் சரி பண்ணினீங்க?"

"பண்ணைத் தொழில்ல எல்லாரும் செய்யறதுதானுங்க. நல்லாப் பொரிக்கற ஜோடியை மட்டும் தாய்மீனா நிறுத்திக்கிறது. பொரிக்காததை அப்பப்பக் கழிச்சுப்போடறது. நாலு மாசத்துக்கு ஒரு தலைமுறைங்களே, சீக்கிரமா வழிக்கு வந்துருச்சு."

"குளத்துக்குத் தண்ணி?"

"நீர்த்தேக்கத்துத் தண்ணிதானுங்க. நீங்க எழுதுன விதியாச்சே! அந்தந்த ஊர்ச் சாட்சிமீன் அந்தந்த ஊர்த் தண்ணியிலயே பொறந்து வளரணும்னு. வெளியூர்த் தண்ணியில வளந்தது இங்க வந்தா மெரண்டு போயித் தப்பாச் சாட்சி சொல்லிப்போடும்னு போட்டிருந்தீங்க."

தெய்வானையின் கை நீரிலேயே நின்றது. "சென்னியப்பன், கழிச்ச மீன்ல எதாவது பச்சை காட்டியிருக்கா?"

"ஆரம்பத்துல சிலது லேசாக் காட்டுச்சுங்க. குஞ்சுப் பருவத்துலயே. தொட்டிக்குப் போறதுக்கு முந்தியே பச்சை காட்டறது பிறவிக் கோளாறுதானுங்களே? அதுகளை மொதல்ல கழிச்சுட்டோம். இப்பவெல்லாம் ஒண்ணுகூட அப்படிப் பொறக்கறதில்லீங்க." அவர் குரலில் நியாயமான ஒரு பெருமிதம் இருந்தது.

தெய்வானை குளக்கரையில் அமர்ந்துவிட்டார். "அது கோளாறு இல்லை. உள்ளதைச் சொன்ன மீன் அதுகதான். தண்ணியில ஏதோ ஒண்ணு கொஞ்சங் கொஞ்சமா ஏறிக்கிட்டே வந்திருக்கு. அதை உணர்ந்த மீன் பச்சை காட்டுச்சு, முட்டை பொரிக்காமப் போச்சு. உணராத மீன் நல்லாப் பொரிச்சுது. நீங்க உணர்ந்ததையெல்லாம் கழிச்சுட்டு, உணராததையே வம்சமா வளர்த்திருக்கீங்க."

"மொளகாயே தின்னு பழகுன நாக்குக்குக் காரம் உறைக்காதே, அந்த மாதிரீங்களா?"

"பழகலை. பழகினதா இருந்தா நல்ல தண்ணியில கொஞ்ச நாள் விட்டுச் சரி பண்ணிடலாம். பிறவியிலேயே உறைக்காத நாக்கு உள்ளதுகளை மட்டும் பொறுக்கி வெச்சிருக்கீங்க. இனி இதுக்கு எதைக் குடுத்தாலும் உறைக்காது."

"அப்ப நீர்த்தேக்கத்துக் கெண்டை மட்டும் ஏனுங்க தப்பிக்கலை?"

"கெண்டை பருவத்துக்கு வரவே ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள எத்தனை தலைமுறை மாற முடியும்? அதோட, அதுக்குப் பக்கத்துல நின்னு பொறுக்கி விடவும் ஆளில்லை."

சென்னியப்பன் தாம் வளர்த்த மீன்களைப் பார்த்தார். "நாம ஒரு தப்பும் பண்ணலீங்களே மேடம். விதிப்படிதானே செஞ்சோம்."

"ஆமா. விதியை எழுதினது நான். அதையும் நாளைக்குச் சேர்த்தே சொல்லப் போறேன்."

உடனே தெய்வானை தம் ஆய்வகத்திற்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில், எவரும் பொறுக்காமலும் கழிக்காமலும், சாட்சிமீனின் மூலக்குலம் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதிலிருந்து பத்து ஆண் மீன்கள், உயிர்க்காற்று நிரப்பிய பைகளில், மறுநாட்காலை முதற்பேருந்தில் வந்து சேர்ந்தன.

விசாரணை, சந்தைப்பேட்டையின் தகரக் கூரையின்கீழ் நடைபெற்றது. ஒருபுறம் பரிசல்காரர் குடும்பங்கள். மறுபுறம் பட்டறைக்காரர்களும் நகரத்தாரும். நடுவர் சுகிர்தராஜ் நிதானமானவர். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்பவர்.

தெய்வானை இரண்டு கண்ணாடிக் குடுவைகளை மேசைமீது வைக்கச் செய்தார். இரண்டிலும் அதே தொட்டியின் நீர் நிரப்பப்பட்டது. ஒன்றில் கருமடையின் மீன்களையும், மற்றொன்றில் மூலக்குலத்தின் மீன்களையும் விட்டார். முந்தைய நாள் அறிந்தவற்றை ஒன்றும் விடாமல் கூறினார். தம் விதியையும் கூறினார்.

"இந்த விதிப்படி எத்தனையோ ஊர்ல மீன் வளர்க்கிறாங்க. எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும்னு இன்னைக்கே எழுதிடுவேன். இப்ப இந்த ஊரைப் பத்திச் சொல்றேன். வெளியூர் மீன் பயணத்துல மிரண்டிருக்கலாம்னு நீங்க சொல்லலாம். அதுக்காகத்தான் இதுல பாதி மீனை, வந்த தண்ணியிலேயே தனியா ஒரு பாத்திரத்துல வெச்சிருக்கேன். பயணம்தான் காரணம்னா அதுவும் பச்சையாகணும். மத்தியானம் வரைக்கும் பொறுங்க."

பட்டறைக்காரர்களிடையே சலசலப்பு எழுந்தது. நகராட்சித் தலைவர் பொங்கியண்ணன் எழுந்து கையமர்த்தினார். துணி சுருங்காமலிருப்பதற்காகச் சாயப்பட்டறைகளில் இடப்படும் மெழுகுப் பூச்சுதான் அவ்வூரின் செல்வம். அதன் கழுவுநீர், சுத்திகரிக்கப்பட்ட பின்னர், நீர்த்தேக்கத்திற்கே செல்லும்.

"நடுவருங்க மன்னிக்கணும். மீனு காலையில ஒண்ணு சொல்லும், மத்தியானம் ஒண்ணு சொல்லும். நாங்க மனுசனைப் பாக்கறமுங்க. பத்து வருசமா இந்த ஊரே இந்தத் தண்ணியத்தான் குடிக்குது. கெட்ட தண்ணின்னா எங்கூருல கொழந்தையே பொறந்திருக்கக் கூடாதில்லீங்க? பள்ளிக்கூடத்துல எடமில்லாம மரத்தடியில வகுப்பு நடக்குது. எந்த ஊட்டுக்குள்ள வேணாப் போயிப் பாருங்க, தொட்டிலு ஆடும்."

கூட்டம் கைதட்டியது. மாராத்தாள் மட்டும், "தொட்டில எண்ணச் சொன்னா எண்ணுவாரு, கெண்டைய எண்ணச் சொன்னாத்தான் கண்ணு தெரியாது," என்று உரக்கவே முணுமுணுத்தாள்.

தெய்வானை கேட்டார்: "தொட்டில் ஆடாத வீடு இந்த ஊர்ல ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லீங்க. தேடிப் பாருங்க."

"ஒண்ணுகூடவா? எந்த ஊர்லயும் பத்துல ஒரு வீடாவது அப்படி இருக்கும். எவ்வளவு நல்ல தண்ணி குடிச்சாலும் இருக்கும்." அவர் சென்னியப்பனை நோக்கினார். "இவரோட குளத்துலயும் ஒண்ணுகூட இல்லைன்னுதான் நேத்து சொன்னாரு."

அதன் பொருள் உடனே எவர்க்கும் விளங்கவில்லை. சென்னியப்பனுக்கு மட்டும் விளங்கியது போலும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நகரத்தார் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். தலைவரின் மனைவி வள்ளியாத்தாள்.

"ஏனுங்க, பூங்கோதையை மறந்துட்டீங்களா?"

பொங்கியண்ணனின் முகம் மாறியது. "வள்ளி, உக்காரு."

"நம்ம பெரியவனுக்கு மொதல்ல கட்டுன பொண்ணு. நாலு வருசம் பாத்தோம். மலடின்னு மொதல்ல சொன்னது நாந்தானுங்க. கார்ல ஏத்திக்கிட்டுப் போயி அவங்கப்பன் ஊட்டுல உட்டுப்போட்டு வந்தது நீங்க."

"ஊட்டு விசயத்தை எதுக்கு இப்பச் சபையில இழுக்கறே?"

"தண்ணி ஊட்டு விசயமில்லீங்களா?"

பட்டறைக்காரர்களுள் ஒருவர் எழாமலே, "எங்க தம்பி பொண்டாட்டியும் அப்படித்தானுங்க போச்சு," என்றார். மற்றொருவர் தம் மகன் வெட்கம் தாளாமல் வேலைக்கென்று வெளிநாடு சென்று திரும்பாததைச் சொன்னார். பிறகு எவரும் எவரையும் பார்க்காமலே பெயர்களைச் சொல்லத் தொடங்கினர். கருமடைக்கும் தொட்டிலாடாத வீடுகள் இல்லாமலில்லை. அவை வேற்றூர்களில் இருந்தன.

நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா, இதுக்கெல்லாம் தண்ணிதான் காரணம்னு சொல்றீங்களா?"

"சொல்ல மாட்டேன் ஐயா. ஒவ்வொருத்தரையும் சோதிக்காமச் சொன்னா அது அநியாயம். சிலருக்கு வேற காரணம் இருக்கும். ஆனா ஒண்ணு உறுதியாச் சொல்லுவேன். குறைபட்டவங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு, மிச்சம் இருக்கிறவங்களை மட்டும் எண்ணினா, எந்தத் தண்ணியும் நல்ல தண்ணியாத்தான் தெரியும்."

அப்பொழுது மாராத்தாள் மேசையருகே சென்று குனிந்தாள். "டாக்டரம்மா, இங்க வாங்க. உங்க புள்ளை பேசுது."

மூலக்குலத்து மீனொன்றின் அடிவயிற்றில், நெற்பயிரின் முளை போன்று ஒரு பச்சை தோன்றியிருந்தது. நண்பகலுக்குள் அக்குடுவையிலிருந்த ஐந்து மீன்களும் ஒளிர்ந்தன. தனிப் பாத்திரத்திலிருந்த ஐந்தும் வெண்மையாகவே நீந்தின. கருமடையின் மீன்களோ, கொழுத்த உடலும் களங்கமற்ற வெண்ணூலுமாக, எதையும் அறியாமல் தம் குடுவையில் சுற்றிக்கொண்டிருந்தன.

நடுவர் தீர்ப்பைச் சுருக்கமாகவே கூறினார். பரிசல்காரர்மீது குற்றமில்லை, அவர்தம் உரிமை நிலைக்கும். கருமடையின் சாட்சிமீன்கள் இனிச் சாட்சியாக மாட்டா. மாராத்தாளின் பின்னாலிருந்த பெண்கள் ஆரவாரித்தனர். அவள் கையை உயர்த்தி அவர்களை அடக்கினாள். நடுவர் இன்னும் முடிக்கவில்லை.

"வால்வை மூடுற அதிகாரம் எனக்கு இல்லை. சட்டப்படி, உள்ளூர்த் தண்ணியில பிறந்து பதிவான மீனுக்குத்தான் அது உண்டு. அது இல்லேன்னா நகராட்சித் தலைவரோட கைரேகைக்கு உண்டு. தலைவரே, கட்டாயமில்லை. நீங்க மறுத்தா, சட்டத்தைத் திருத்த ஆறு மாசமாவது ஆகும்."

வால்வை மூடினால் பட்டறைகள் நிற்கும். நகரம் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நிற்கும். அடுத்த தேர்தலில் தமக்கு ஒரு வாக்கும் விழாது. இவை யாவும் பொங்கியண்ணனுக்குத் தெரியும். கூடியிருந்தோர் அனைவர்க்கும் தெரியும். சிலர், "வேண்டாமுங்க தலைவரே, ஆறு மாசம் பொறுப்போம்," என்று குரலெழுப்பவும் செய்தனர்.

அவர் எழுந்து, கூட்டத்தைக் கடந்து, கண்ணாடித் தொட்டியின் பக்கவாட்டில் இருந்த சிறு கதவைத் திறந்து, கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தரைக்கடியில் எங்கோ இரும்பு முனகும் ஓசை கேட்டது. தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த நீர் நின்றது.

"பட்டறைக்காரங்க நாளைக்குக் காலையில என்ற ஊட்டுக்கு வாங்க," என்றார் பொதுவாக. "அந்த மெழுகு இல்லாம என்ன பண்ணலாம்னு பேசுவோம். நாம பொழைக்கத் தெரியாதவங்க இல்லை."

தெய்வானை சென்னியப்பனிடம் புதிய விதியை விளக்கிக்கொண்டிருந்தார். இனி எந்தப் பண்ணையும் எந்த மீனையும் கழிக்கலாகாது, பொரிக்காதவையே முதற்சாட்சிகள். சென்னியப்பன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்.

வள்ளியாத்தாள் இதற்கிடையே சந்தைப்பேட்டையை விட்டு வெளியேறி, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். மாராத்தாள் விரைந்து சென்று அவளை எட்டிப் பிடித்தாள்.

"எங்கீங்க அக்கா, இந்த வெயில்ல?"

"பூங்கோதை ஊருக்கு."

"கூட்டியாரவா?"

"அதுக்கில்லம்மா. அவ இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கறாளாம். ரெண்டு பொம்பளப்புள்ளைக." வள்ளியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஊருல கெணத்துத் தண்ணி. மூணு வருசமா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன்னு நான் ஒரு நாளும் கேக்கல. அதைத்தான் போயிச் சொல்லணும்."

பேருந்து வந்தது. அவள் ஏறி முன்னிருக்கையில் அமர்ந்தாள். புறப்படும் தறுவாயில் பொங்கியண்ணன் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, பின்படியில் தொற்றி ஏறினார். மனைவியின் அருகே இடம் இருந்தது. அவள் நகர்ந்தும் கொடுத்தாள். அவர் அமரவில்லை. கம்பியைப் பிடித்தவாறு, அவ்வூர் வரும் வரையில் நின்றுகொண்டே சென்றார்.